கிளட்ச்சை மிதிச்சா சத்தம் வருதா, நிக்குதா?



இன்னிக்கு ஒரு சத்தத்தைப் பற்றிப் பேசப்போறேன். உங்க வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய கியர் கார் இருந்தால் இந்தச் சத்தத்தை நீங்க ஏற்கெனவே கேட்டிருக்கலாம். சிக்னலில் நிற்கும்போது வண்டியின் அடியில் இருந்து 'உர்ர்ர்' என்று வரும். கிளட்ச்சை மிதித்தால் மாறும், விட்டால் மறுபடி வரும். "ஏதோ கிளட்ச்சுல சத்தம்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்போம்.

முதலிலேயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை. இதழியல் படித்துவிட்டு இந்தத் துறையில் எழுதும் வேலையில் இருக்கேன். எங்க வீட்டில் தேவையில்லாமல் செலவான ஒரு தொகைதான் இந்த விஷயத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது. அதே செலவு உங்களுக்கு வராமல் இருக்கணும். அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

அப்பா சொன்ன ஒரு வரி

எங்க ஊர் கும்பகோணம் பக்கம். அப்பாவுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. 2010-இல் பதிவான ஒரு பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டிக்கிட்டு இருந்தார். கடைக்குச் சரக்கு ஏற்றவும், மாதம் ஒரு தடவை பாட்டியைத் தஞ்சாவூருக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவும் அந்த ஒரு வண்டிதான்.

2024 டிசம்பரில் சத்தம் ஆரம்பித்தது. அப்பா ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போய், "கிளட்ச்சுல சத்தம் வருது, என்னன்னு பாருங்க" என்றார். அங்கே கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட்டைப் புதுசாக மாற்றிக் கொடுத்தார்கள். பில் 8,200 ரூபாய். இரண்டே நாளில் அதே 'உர்ர்ர்' திரும்பி வந்துவிட்டது. மறுபடி போனால், "அப்போ கியர்பாக்ஸ்தான் போயிருக்கு. வேற கியர்பாக்ஸ் போடணும், முப்பதாயிரம் ஆகும்" என்று பதில்.

அப்பா வீட்டுக்கு வந்து பேசவே இல்லை. அடுத்த வருஷம் ஆகஸ்டில் வண்டியின் பதிவு முடிகிறது, புதுப்பிக்கணும். அதற்கு முன்னால் முப்பதாயிரமா? வண்டியை வித்துடலாம் என்று முடிவு செய்து, ஒருவரிடம் 45,000 ரூபாய்க்குப் பேசியும் விட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விற்பதற்கு முன்னால் இன்னொருத்தரிடம் காட்டிடலாமே என்று, பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு வயசான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு போனோம். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கிளட்ச்சை மிதிச்சா சத்தம் வருதா, நிக்குதா?"

"நின்னுடுதுங்க" என்றார் அப்பா.

"முதல் நாள்ல இருந்தேவா?"

"ஆமா."

"இதை அங்க சொன்னீங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க கேக்கலை, நானும் சொல்லலை" என்றார்.

கிளட்ச்சில் கோளாறே இல்லை. கியர்பாக்ஸின் முன்பக்கத்தில், இன்புட் ஷாஃப்ட்டைத் தாங்கும் ஒரு பேரிங் தேய்ந்திருந்தது. அதையும் கியர் ஆயிலையும் மாற்ற, லேபர் சேர்த்து 6,500 ரூபாய். சத்தம் போயிடுச்சு. முதலிலேயே தெரிந்திருந்தால் கியர்பாக்ஸை ஒரு தடவை இறக்கினால் போதும். அந்த 8,200 மிச்சம்.

முதல் ஒர்க்ஷாப்பை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அப்பா அங்கே சொன்னது அறிகுறியை இல்லை, நோயின் பேரை. "கிளட்ச்சுல சத்தம்" என்றார், அவங்க கிளட்ச்சை மாத்தினாங்க. டாக்டரிடம் போய் "எனக்கு அல்சர்" என்று சொல்லுவதைவிட, "சாப்பிட்ட அரை மணி நேரத்துல வயிறு எரியுது" என்று சொல்வதுதானே சரி? வண்டிக்கும் அதே கதைதான்.

செய்தி எழுதப் பழகும்போது எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் ஆறு கேள்விகள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. கார் சத்தத்தில் 'ஏன்' என்பது மெக்கானிக்கின் வேலை. 'எப்போது' என்பது நம்ம வேலை. ஏன்னா, தினமும் அந்த வண்டியில் உட்காருவது நாமதான்.

உள்ளே என்ன நடக்குது?

இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம்.

என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச். பெடலில் கால் இல்லாதபோது, என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இறுக்கமாக மாட்டிக்கிட்டு இருக்கும். அதனால் என்ஜின் சுற்றினால் கிளட்ச் பிளேட்டும் சுற்றும். அதோடு இணைந்த கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் சுற்றும். வண்டி நியூட்ரலில் நின்றாலும் சுற்றிக்கிட்டேதான் இருக்கும். நிறையப் பேருக்கு இது தெரியாது.

பெடலை மிதித்தால், ரிலீஸ் பேரிங் என்ற ஒரு பேரிங் முன்னால் நகர்ந்து பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கை அழுத்தும். பிடி விட்டுப்போகும். என்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றும், இன்புட் ஷாஃப்ட் ஓரிரு நொடியில் நின்றுவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், கால் கீழே போனால் ரிலீஸ் பேரிங் வேலைக்கு வருது, இன்புட் ஷாஃப்ட் ஓய்வெடுக்குது. கால் மேலே வந்தால் ரிலீஸ் பேரிங்குக்கு ஓய்வு, இன்புட் ஷாஃப்ட்டுக்கு வேலை. யார் வேலை செய்யும்போது சத்தம் வருதோ, சந்தேகம் அவங்க மேலதான்.

ஐந்து நிமிஷச் சோதனை

வண்டியைச் சமதரையில், திறந்த வெளியில் நிறுத்துங்க. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடாதீங்க, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. ஹேண்ட் பிரேக் போடுங்க. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஏ.சி., ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திட்டு, கண்ணாடியை இறக்கி விடுங்க.

முதல் சோதனை, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல். கிளட்ச் பெடலை நாலைந்து தடவை மெதுவாக மிதித்து விடுங்க. 'கீச், கீச்' என்று கேட்குதா? என்ஜினே ஓடவில்லை என்பதால் சுற்றும் பேரிங் எதுவும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பெடலின் மூட்டு, கிளட்ச் கேபிள், அல்லது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் காய்ந்து போயிருக்கலாம். பெடல் மூட்டும் கேபிளும் என்றால் கியர்பாக்ஸை இறக்காமலேயே கிரீஸ் வைத்தோ, கேபிளை மாற்றியோ சரிசெய்யலாம். சின்னச் செலவுதான்.

இரண்டாவது, என்ஜின் ஓடும்போது, கால் பெடலில் இல்லாமல். ஒரு நிமிஷம் கேளுங்க. 'உர்ர்ர்' என்ற இரைச்சல் இருந்தால் பெடலை முழுசா மிதித்து, ஐந்து விநாடி அப்படியே பிடிங்க. சத்தம் அடங்கிடுதா? விட்டதும் திரும்ப வருதா? அப்படியானால் முதல் சந்தேகம் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல். எங்க அப்பாவுக்கு நடந்தது இதுதான். கியர் ஆயில் குறைந்திருந்தாலும் இப்படிச் சத்தம் வரலாம். அதனால் ஆயில் அளவையும், கீழே ஒழுகுதா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்க. இரைச்சலாக இல்லாமல் லேசான 'கடகட'வாக இருந்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் மறைந்தால், கிளட்ச் பிளேட்டில் இருக்கும் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம்.

மூன்றாவது, பெடலை லேசாக மட்டும் அழுத்துங்க. மேலே இருக்கும் சும்மா ஆடும் பகுதி முடிந்து கொஞ்சம் எதிர்ப்பு தெரியும் இடத்தில் நிறுத்துங்க. அந்த இடத்தில் 'ஊய்ங்' என்றோ 'கிர்ர்' என்றோ சத்தம் ஆரம்பித்து, இன்னும் மிதிக்க மிதிக்கக் கூடுதா? ரிலீஸ் பேரிங்கைப் பார்க்கச் சொல்லணும்.

இதில் ஒரு சின்ன விதிவிலக்கு இருக்கு. சில வண்டிகளில், குறிப்பாக ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கும் பல வண்டிகளில், ரிலீஸ் பேரிங் எப்பவும் பிரஷர் பிளேட்டைத் தொட்டுக்கிட்டே சுற்றும். அதில் கோளாறு வந்தால் கால் எடுத்திருக்கும்போது 'கிச்கிச்' என்று கேட்டு, பெடல்மேல் காலை லேசாக வைத்த உடனேயே நின்றுவிடும். இன்புட் ஷாஃப்ட் பேரிங் என்றால் லேசாக வைத்ததும் நிற்காது, முழுசா மிதித்தால்தான் நிற்கும். லேசாகவா, முழுசாவா என்று கவனிச்சுச் சொல்லுங்க. இந்த ஒரு வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

நான்காவது, பெடல் முழுசா தரை வரைக்கும் போனபிறகுதான் சத்தம் வருதா? பின்சக்கரம் இழுக்கும் பழைய வண்டிகளில், அதாவது அம்பாசடர், பத்மினி, ஜீப் போன்றவற்றில், இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்க பைலட் பேரிங் அல்லது புஷ் என்று ஒன்று இருக்கும். என்ஜின் சுற்ற, ஷாஃப்ட் நிற்கும் நேரத்தில்தான் அதற்கு வேலை. முழு மிதியில் மட்டும் கத்தினால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கணும்.

இந்த நாலு சோதனையிலும், பெடல் எங்கே இருந்தாலும் சத்தம் கொஞ்சம்கூட மாறவில்லை என்றால்? அப்போ அது பெரும்பாலும் கிளட்ச் பக்கமே இல்லை. ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று முன்பக்கமாகப் பார்க்கச் சொல்லலாம். கிளட்ச்சுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீங்க.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

நின்ற இடத்தில் தெரியாத சில விஷயங்கள் ஓடும்போது தெரியும். கூட்டமில்லாத ரோட்டில் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க.

கிளட்ச்சை விட்டு வண்டி நகரும்போது மொத்த வண்டியும் நடுங்குதா? பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், ஃப்ளைவீலின் மேற்பரப்பு சூட்டில் கெட்டிருக்கலாம். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் போனாலும் இதே நடுக்கம்தான். மவுண்ட்டைப் பார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். அதனால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்க.

கியர் போடும்போது 'கரக்' என்று உரசுதா? எல்லா கியரிலுமா, ஒரே ஒரு கியரிலா என்று பாருங்க. என்ஜின் ஓடும்போது எல்லா கியரும் முரண்டு பிடிக்குது, என்ஜினை நிறுத்தினால் வழுக்கிக்கிட்டு விழுது என்றால், கிளட்ச் முழுசா விடுபடலைன்னு அர்த்தம். கேபிள் நீண்டிருக்கலாம். ஹைட்ராலிக் என்றால் அதன் ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது ஒழுகலாம். அதே உரசல், உதாரணத்துக்கு, செகண்ட் கியரில் மட்டும் வந்தால் கிளட்ச்சை விட்டுட்டு கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரனைசர் வளையத்தைச் சந்தேகிக்கலாம். ரிவர்ஸில் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். பல பழைய கார்களில் ரிவர்ஸுக்கு அந்த வளையமே கிடையாது. கிளட்ச்சை மிதித்து மூணு விநாடி பொறுத்துப் போட்டுப் பாருங்க.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துது, வண்டி வேகம் எடுக்கலை, கருகின வாசனை வருது என்றால் பிளேட் வழுக்குது. வேகம் கூடக்கூட இரைச்சல் கூடி, ஓட்டத்திலேயே கிளட்ச்சை மிதித்தாலும் குறையாமல் இருந்தால் சக்கர பேரிங், டயர் பக்கம் பார்க்கணும்.

சில நேரத்தில் சோதனையெல்லாம் வேண்டாம், வண்டியை ஓரம்கட்டிடுங்க. பெடல் தரையோடு ஒட்டிக்கிட்டு மேலே வரலை, இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம், கருகல் வாசனையோடு புகை, அடியில் ஆயில் கொட்டுது. இந்த நாலில் ஒன்று இருந்தாலும் "வீடு வரைக்கும் போய்டலாம்" என்று நினைக்காதீங்க. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

போன் கையில இருக்கே!

பல வண்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் கத்தும், மெக்கானிக் முன்னால் நல்ல பிள்ளையாகிடும். காலையில் குளிர்ந்த என்ஜினில் வரும் சத்தம், ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிப் போய்ச் சூடான பிறகு கேட்காது. அதனால் உங்க போனிலேயே பதிவு செய்துக்கங்க.

வீடியோ எடுங்க. போனைப் பெடலும் காலும் தெரியும்படி பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுங்க. நீங்க வாயால் சொல்லிக்கிட்டே செய்யுங்க: "கால் மேல இருக்கு... இப்ப லேசா வைக்கிறேன்... இப்ப முழுசா மிதிக்கிறேன்... விடறேன்." முப்பது விநாடி போதும். இதையே இரண்டு தடவை எடுங்க: காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒன்று, அரை மணி நேரம் ஓட்டின பிறகு ஒன்று.

பானெட்டுக்குள் கையையோ போனையோ நுழைச்சுப் பதிவு பண்ண வேண்டாம். சுற்றும் பெல்ட்டில் புடவைத் தலைப்பு, துப்பட்டா, துண்டு எது மாட்டினாலும் விபரீதம். உட்கார்ந்த இடத்தில் கேட்கும் சத்தமே போதும்.

வீடியோவோடு ஒரு சின்னக் குறிப்பும் எழுதி வைங்க. எந்தத் தேதியில் ஆரம்பிச்சது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, கடைசியாகக் கிளட்ச், கியர் ஆயில் எப்போ மாத்தினது. ஒர்க்ஷாப்பில் போய் "கிளட்ச்சுல சத்தம்" என்று சொல்லாமல் இப்படிச் சொல்லுங்க: "நியூட்ரல்ல நிக்கும்போது இரைச்சல் வருது, கிளட்ச்சை முழுசா மிதிச்சா நின்னுடுது, சூடானா கூடுது." அவ்வளவுதான். முடிவை அவங்க சொல்லட்டும். நம்ம சோதனை சந்தேகத்தைச் சுருக்கும், உறுதி செய்வது பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்தான்.

வேலை கொடுக்கும் முன் நாலு வார்த்தை

இந்த வகை வேலையில் பல நேரம் பொருளின் விலையைவிட, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் கையைக் கடிக்கும். அதனால் ஒரு தடவை இறக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துடணும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபோர்க், ஃப்ளைவீலின் மேற்பரப்பு, என்ஜின் பின்பக்க ஆயில் சீல், இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினால் சொரசொரப்பு இருக்கா, ஆட்டம் இருக்கா என்று தெரிந்துவிடும். "இறக்கினதும் எனக்கு போன் பண்ணுங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்று தயங்காமல் சொல்லுங்க. வர முடியலைன்னா போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளின் கிளட்ச் பிளேட்டில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்துப் பறக்க விடுவது நுரையீரலுக்குக் கேடு. பக்கத்தில் நிற்காதீங்க, குழந்தைகளைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க.

மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்க. பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கட்டும். அதற்கு மேல் செலவு வந்தால் உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று சொல்லிடுங்க. கழற்றின பழைய பொருளைத் திருப்பி வாங்கிக்கங்க. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீங்க. "நமக்குத் தெரிஞ்ச பையன்தானே" என்று பில்லை விட்டுவிட்டால், நாளைக்கு ஏதாவது ஆனால் பேச நமக்கு ஆதாரமே இருக்காது.

பணம் வாங்கிக்கிட்டு வேலையைச் சரியாகச் செய்யாமல் விட்டால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. முதலில் ஒர்க்ஷாப்பிலேயே எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்க. தீரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க, தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கு. பிரச்சினை எழுந்ததில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கணும். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இங்கேதான் உங்க போன் வீடியோவும் பில்லும் கை கொடுக்கும்.

வெச்சுக்கலாமா, வித்துடலாமா?

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தனியாக வராது. கூடவே இந்தக் கேள்வியும் வரும்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். விண்ணப்பம் படிவம் 25. பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முன்னால் இருந்து விண்ணப்பிக்கலாம். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டணும். பசுமை வரியும் உண்டு. கட்டணம் வண்டியின் வகை, வயதைப் பொறுத்து மாறும், அதனால் விண்ணப்பிக்கும் அன்றைக்குத் தளத்தில் காட்டும் தொகையைப் பாருங்க. காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கணும். உங்க ஆர்.சி. எப்போ முடியுது என்று எம்-பரிவாகன் செயலியில் இப்பவே பார்த்துடலாம்.

நான் சொல்ல வருவது என்னன்னா, விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவை ஒரு சத்தத்துக்குப் பயந்து எடுக்காதீங்க. என்ன கோளாறு, எவ்வளவு செலவு, புதுப்பிக்க எவ்வளவு, இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்க. கணக்கு 'வித்துடு' என்று சொன்னால் தாராளமா வித்துடுங்க. ஆனால் என்ன கோளாறு என்றே தெரியாமல் கணக்குப் போட முடியாது.

சரிபண்ணின வண்டியை மறுபடி கெடுக்காமல் இருக்க மூணே பழக்கம். ஓட்டும்போது கிளட்ச் பெடல்மேல் காலை வைத்தே ஓட்டாதீங்க, ரிலீஸ் பேரிங்கைச் சீக்கிரம் தேய்ப்பது அதுதான். மேட்டில் நிற்கும்போது பாதி கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீங்க, ஹேண்ட் பிரேக் எதுக்கு இருக்கு? சிக்னலில் நியூட்ரல் போட்டுட்டு, கிளட்ச்சில் இருந்து காலை எடுத்துடுங்க.

எங்க வீட்டு விஷயத்துக்கு வர்றேன். அப்பா அந்த 45,000 பேரத்தை வேண்டாம் என்று சொல்லிட்டார். 2025 ஆகஸ்டில் பதிவைப் புதுப்பித்தாச்சு. பாட்டியின் தஞ்சாவூர்ப் பயணம் அதே வண்டியில்தான். போன மாதம் அப்பா போன் பண்ணினார். "வண்டில ஒரு கீச் சத்தம்" என்று ஆரம்பித்தவர், நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிட்டார்: "என்ஜின் ஆஃப்ல இருக்கும்போதும் வருது. மிதிக்கிறப்ப மட்டும் வருது. கேபிளா இருக்குமோ?" கேபிள்தான்.

உங்க வண்டியிலும் ஏதாவது சத்தம் இருந்தால், நாளைக்குக் காலையில் கிளம்பும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்க. கால் மேலே, லேசாக, முழுசா. எப்போ வருது, எப்போ நிக்குது என்று பார்த்து எழுதிக்கிட்டு, அப்புறம் ஒர்க்ஷாப்புக்குப் போங்க.

வீட்டில் பழைய கார் வைத்திருக்கும் உறவுக்காரங்க, நண்பர்கள் இருந்தால் அவங்களுக்கும் இதை அனுப்பி வைங்க.